மூன்று நாள் தங்க வந்த சொல்

எங்கள் ஊரில் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அதை மூன்று நாள் வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட வேண்டும். சொற்கள் பதினொன்று நாற்பது பாசஞ்சரின் கடைசிப் பெட்டியில் வரும். எழுதிக் கேட்டவர் ரயில் நிலையத்துக்குப் போய், படிவத்தில் கையெழுத்துப் போட்டு அழைத்து வருவார். மூன்று நாள் முடிந்து, சந்தேகம் ஏதுமில்லை என்று இன்னொரு கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தால், அந்தச் சொல் அவர் வாயில் தங்கிவிடும். அதற்கு முன்னால் சொல்லிப் பார்த்தால் காற்றுதான் வரும்.

யார் எவர் என்று தெரியாமல் ஒருவரை வீட்டுக்குள் விட முடியாது. அதனால் சொற்களின் பூர்வீகத்தை விசாரித்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் நான். பெயர் கோதண்டம். முன்பு மாப்பிள்ளைகளை விசாரித்துக்கொண்டிருந்தேன். பெண் வீட்டார் ஜாதகமும் போட்டோவும் கொடுத்தனுப்புவார்கள். பையன் இருக்கும் தெருவுக்குப் போய், குடி உண்டா, கோபம் வருமா, ஏற்கெனவே எங்காவது ஏதாவது உண்டா என்று கேட்டு வருவேன். இந்த வேலையில் ஒரே ஒரு முறைதான் உண்டு. சம்பந்தப்பட்ட ஆளிடம் மட்டும் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் தன்னை நல்லவன் என்றுதான் சொல்லுவான். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரைக் கேட்க வேண்டும். ஒருவனுடைய சட்டையை வாரம் தவறாமல் தொடுகிறவருக்குத் தெரியாதது கிடையாது.

சொற்களுக்கும் அதே முறைதான். வந்து இறங்குகிற சொற்கள் எல்லாம் ஸ்டேஷன் ரோட்டில் வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் செபஸ்தியிடம்தான் துணி கொடுப்பார்கள். சொற்களை நாங்கள் அவர் இவர் என்றுதான் சொல்வோம். படிவத்தில் மட்டும் அது.

விசாரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிற ஒருவர் மஸில் என்ற சொல்லை அழைத்துவந்தார். லத்தீனில் அவருக்குச் சின்ன எலி என்று பொருள். நான் எழுதிக் கொடுத்தும் கேட்கவில்லை. இப்போது அங்கே யாராவது கையை மடக்கினால் எதிர்வீட்டுப் பூனை வந்து உட்கார்ந்து பார்க்கிறது. பின் தெருவில் ஒரு வாத்தியார் நைஸ் என்பவரை மூன்று நாள் வைத்திருந்தார். பார்க்க இனிமையான ஆள். ஆனால் அவருடைய பூர்வீகம் ஒன்றும் அறியாதவர் என்பது. வாத்தியார் ஒருநாள் மனைவி வைத்த சாம்பாரை நைஸ் என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டுச் சாம்பாருக்கு ஒன்றும் தெரிவதில்லை.

நானும் சில சொற்களைக் கற்றிருக்கிறேன். க்ளூ என்பவர் வந்தபோது ஒரு நூலுருண்டையோடு வந்தார். அவருடைய முன்னோர்கள் நூலுருண்டைகள். போய்ப் பல வருஷமாகியும் கட்டிலுக்கடியில் நூல் கிடக்கிறது. அலிபி என்பவருக்கு எழுதிப் போட்டேன். லத்தீனில் வேறோர் இடத்தில் என்று பொருள். நான் சோறு வடித்துக் காத்திருந்த மூன்று நாளும் அவர் வேறோர் இடத்தில் இருந்தார். முறைப்படி கற்றுக்கொண்டதாகவே பதிவாகியிருக்கிறது.

என்னைச் சந்தேகப் பிராணி என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். என் வீட்டு ஜன்னல், சாவி, அலமாரி மூன்றும் போர்த்துகீசியரோடு கப்பலில் வந்த சொற்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வந்து சில நூறு வருஷம் ஆகிவிட்டதே என்று நான் சும்மா இருக்கிறேன். ஆனாலும் அலமாரியை அந்தச் சாவியால் பூட்டும்போது, இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், தங்களுக்குள் ஏதாவது பேசி வைத்திருப்பார்களோ என்று தோன்றத்தான் செய்கிறது.

இந்தப் புத்தியால்தான் என் மனைவி வசுமதி ஏழு மாதமாக மாடி அறையில் தனியாக இருந்தாள்.

வசுமதி அரசு மருத்துவமனையில் நர்ஸ். காயங்களுக்குக் கட்டுப் போடும் பிரிவில் இருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஏழு மாதத்துக்கு முன் ஒரு வாரம் முழுக்க நாற்பது நிமிஷம் தாமதமாக வீட்டுக்கு வந்தாள். நான் முறைப்படி செபஸ்தியிடம் போய், அந்த அம்மா எப்படி, யாரோடு பேசுகிறார், எந்த வழியாகப் போகிறார் என்று விசாரித்தேன். விசாரித்ததை நோட்டில் எழுதியும் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் வசுமதி வந்து என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் பெரிய வார்த்தை. எனக்கு அது வேண்டாம். பஸ்ல தெரியாம காலை மிதிச்சா சொல்றோமே, அந்த ஸாரி ஒண்ணு சொல்லுங்க. போதும்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது. அந்தச் சொல்லை நான் கற்றிருக்கவில்லை. ஊரே அவரைத் தங்கவைத்து அனுப்பியிருந்தது. அதனால்தான் நான் வைக்கவில்லை. அத்தனை வீட்டில் சாப்பிட்ட ஒருவரைப் பற்றி ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்றால் அது இயல்பா? முன்பு இரண்டு முறை யாரோ எழுதிப் போட்டு அவர் என் பெயருக்கு வந்தபோது பிளாட்பாரத்திலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். வசுமதி தலையணையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அதற்குப் பிறகு எனக்குரிய குழம்பு ஒரு கிண்ணத்தில் மூடப்பட்டு மாடிப்படியின் மூன்றாம் படியில் இருக்கும். தினமும் அதில் உப்பு சரியாக இருந்தது. அதையும் சந்தேகப்பட்டேன்.

மே மாதம் அவளுக்கு நாகர்கோவிலுக்கு மாறுதல் வந்தது. வெள்ளிக்கிழமை மூன்றே கால் வண்டியில் கிளம்புவதாக ஒரு சீட்டில் எழுதிக் கிண்ணத்தின்மேல் வைத்திருந்தாள். வேறொன்றும் எழுதவில்லை. இனி வீடு முழுக்க எனக்கே எனக்கு. அன்றே அந்தச் சொல்லுக்கு எழுதிப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஸாரி வந்தார். ஒல்லியான ஆள், ஐம்பது வயதிருக்கும். பெட்டியிலிருந்து இறங்குவதற்குள் நான்கு பேருக்கு வழிவிட்டார். செருப்பு தேய்ந்து வெற்றிலைபோல் ஆகியிருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தான் வைத்திருந்தார். எனக்கு உடனே உறைத்தது. கையை மூடுகிறவர் எதையோ மூடுகிறார்.

அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, மோர் கொடுத்துவிட்டு, துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராகச் செபஸ்தியிடம் போனேன். செபஸ்தி ஒவ்வொரு சட்டையாக உதறிப் பார்த்தார். நல்ல துணி, பழைய ஆங்கில நெசவு, கடலுக்கு அந்தப் பக்கம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறார் என்றார். ஆனால் எல்லாச் சட்டையிலும் வலது கையில் மட்டும் ஒரே இடத்தில் ஒரு கறை. துவைத்தாலும் போகாதாம். புண்ணில் பட்டால் வருகிற கறை என்றார். நான் அகராதிகளைப் புரட்டினேன். உண்மைதான். புண், வலி என்று பொருள்படும் ஒரு பழைய வீட்டிலிருந்துதான் அவர் கிளம்பியிருக்கிறார். இதை ஏன் படிவத்தில் எழுதவில்லை?

இன்னொன்றும் கிடைத்தது. துக்கம் என்று பொருள்படும் ஸாரோ என்பவர் அவருடைய உடன்பிறந்தவர் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. முகஜாடை அப்படி. செபஸ்தியோ இரண்டு பேருடைய துணியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். தறியே வேறு. ஒருவருக்கொருவர் பிறப்பில் சம்பந்தமில்லை, அருகருகே இருந்து ஒரே மாதிரி ஆகிவிட்டவர்கள். பொய்ச் சொந்தம் என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன்.

அன்று சாப்பாட்டின்போது இதை ஜாடையாகப் பேசிப் பார்த்தேன். உங்கள் அண்ணன் சௌக்கியமா என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, அவர் எனக்கு அண்ணன் இல்லை, ஊர் சொல்லுகிறது, இல்லை என்று சொல்ல ஒவ்வொரு முறையும் யாராவது குறுக்கே வந்துவிடுகிறார்கள், வழிவிடுவதிலேயே நேரம் போய்விடுகிறது என்றார். பதில் சரியாகத்தான் இருந்தது. சரியான பதில்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஸாரி எழுந்து மாடிக்குப் போனார். என்னிடம் சொல்லவில்லை. கால்மணி நேரம் இருந்தார். நான் படிக்கு அடியில் செருப்பைத் துடைப்பதுபோல் நின்றேன். வசுமதி சிரிக்கிற சத்தம் கேட்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எரிந்தது. அவர் இறங்கிவரும்போது சட்டைக் கையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

வியாழக்கிழமையும் அதே பத்து மணி, அதே கால்மணி நேரம். நான் நோட்டை எடுத்துக்கொண்டு செபஸ்தியிடம் போனேன். மாடிக்குப் போகிற அந்த ஆளைப் பற்றியும், மாடியில் இருக்கிற அம்மாவைப் பற்றியும் ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். செபஸ்தி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கரி சடசடத்தது.

"சார், போன தடவை நீங்க வந்து கேட்டதை நான்தான் அக்காகிட்ட சொன்னேன். இந்தத் தடவையும் சொல்லிடுவேன்" என்றார்.

ஏழு மாதமாக, அவளிடம் சொன்னது யாராக இருக்கும் என்று பால்காரர் முதல் மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவர்வரை எல்லோரையும் சந்தேகப்பட்டிருந்தேன். இவரை மட்டும் விட்டுவிட்டேன். செபஸ்தி அடுத்த சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.

"கையில என்னன்னு அவருகிட்டயே கேக்க வேண்டியதுதானே சார்."

அது முறையில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வசுமதியின் பெட்டிகள் மாடியிலிருந்து இறங்கின. இரண்டு பெட்டி, ஒரு தண்ணீர் பாட்டில், அவள் அப்பா கொடுத்த மேசைக் கடிகாரம். ஆட்டோவில் ஏறும்போது என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து பார்த்தேன். காற்றுதான். படிவம் கையெழுத்தில்லாமல் என் சட்டைப் பையில் இருந்தது. ஸாரி தன் மூட்டையோடு வாசலில் நின்றார். அவரும் அதே மூன்றே கால் வண்டியில்தான் திரும்ப வேண்டும். நாங்கள் இருவரும் நடந்தே ஸ்டேஷனுக்குப் போனோம். வழியில் அவர் ஒரு ஆட்டுக்குக்கூட ஒதுங்கினார்.

பிளாட்பாரத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது. வசுமதி முன்பக்கப் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பெட்டி அருகில் மேசை போட்டுப் படிவம் வாங்குகிற குமாஸ்தா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். பத்து நிமிஷம் இருந்தது. சந்தேகம் ஏதுமில்லை என்ற வரியின் எதிரே பேனாவை வைத்தேன். மறுபடி எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடாவிட்டால் அந்தச் சொல் வராது, வராவிட்டால் அவள் போய்விடுவாள். இதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்தச் சட்டைக் கையின் பொத்தான் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

இருபத்தாறு வருஷ வேலையில் செய்யாததைச் செய்தேன்.

"கையில என்ன?" என்று அவரிடமே கேட்டேன்.

அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பொத்தானைக் கழற்றிச் சட்டையை முழங்கைவரை சுருட்டினார். வெள்ளைத் துணியில் கட்டுப் போட்டிருந்தது. முடிச்சு ஓரத்தில் சின்னதாக, நுனி உள்ளே மடங்கி இருந்தது. அந்த முடிச்சை எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாகப் பூரிமாவுப் பொட்டலத்திலிருந்து என் கட்டைவிரல்வரை அவள் அப்படித்தான் கட்டுவாள்.

"இதான் என் பூர்வீகம். எல்லா வீட்லயும் முதல் நாளே கேட்டுடுவாங்க. அக்கா நான் வந்த அன்னிக்கே பாத்துட்டாங்க, தினம் மருந்து வெச்சு விட்டாங்க" என்றார்.

வலிக்கிறதா என்றேன். யாராவது சொல்லும்போதெல்லாம் வலிக்கும் என்றார். சொல்லுகிறவருக்கும் சேர்த்து வலித்தால் கொஞ்சம் பரவாயில்லை, பெரும்பாலும் தான் ஒருவரே வலித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார். குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. அந்த வாரம் வசுமதி ஏன் தாமதமாக வந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளைக் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இது ஏழு மாதம் கழித்து, ஒரு ரயில் நிலையத்தில், குமாஸ்தாவின் மேசைக்கு முன்னால் எனக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா முத்திரை குத்தினார். ஸாரி இரண்டு பேருக்கு வழிவிட்டுப் பெட்டியில் ஏறினார். நான் முன்பக்கம் ஓடினேன்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"ஸாரி."

இந்த முறை காற்று வரவில்லை, சொல் வந்தது. வந்த அதே நேரத்தில் என் வலது முழங்கைக்குக் கீழே சுருக்கென்றது. சட்டையில் எட்டணாக் காசு அகலத்துக்கு ஈரம் பரவியது. வசுமதி என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். கைப்பையிலிருந்து பஞ்சும் துணியும் எடுத்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டி, துடைத்து, கட்டினாள். முடிச்சின் நுனியை உள்ளே மடக்கினாள். அவ்வளவு நேரமும் நான் அவளைக் கேட்க நினைத்திருந்த கேள்விகள் எல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றுதான் உருப்படியாக இருந்தது.

"சாப்பிட்டியா?"

அவள் யோசித்தாள். நான் அவளிடமே ஒன்றைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது, அதனால் பதில் சொல்ல நேரமெடுத்தது என்று நினைக்கிறேன்.

"இல்ல" என்றாள்.

பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்து இறங்கி, கடைசிப் பெட்டிவரை நடந்து, குமாஸ்தாவிடம் ஒரு படிவம் கேட்டாள். நான் பின்னால் போனேன். கிளம்புகிற சொற்களின் துணிகளைக் கொடுக்கச் செபஸ்தி அங்கே வந்திருந்தார். வசுமதி என்னை வைத்துக்கொண்டே அவரிடம், இவர் ஆள் எப்படி என்று விசாரித்தாள். செபஸ்தி என் சட்டைக் கையை விரலால் தேய்த்துப் பார்த்தார். இந்தக் கறை புதுசு, இது இனிமேல் போகாது, மற்றபடி துணி மோசமில்லை என்றார்.

வசுமதி மேசையில் குனிந்து எழுதினாள். தங்கவைப்பவர் என்ற இடத்தில் தன் பெயர். முகவரி நாகர்கோவில். நாட்கள் மூன்று. பெயர் என்ற இடத்தில் கோதண்டம் என்று எழுதினாள். பூர்வீகம் என்ற இடத்தில் விசாரணையில் உள்ளது என்று எழுதினாள். பொருள் என்ற இடத்தைக் காலியாக விட்டாள். குமாஸ்தா படித்துப் பார்த்து முத்திரை குத்தி, எனக்குக் கடைசிப் பெட்டியைக் கையால் காட்டினார். வசுமதி தன் பெட்டிக்குத் திரும்பி நடந்தாள்.

உள்ளே ஏழெட்டுச் சொற்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஸாரி நகர்ந்து இடம்விட்டார். எதிரே இருந்த ஒரு வயதான சொல், என்னைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்தி அவரிடம் என்னைப் பற்றி விசாரித்தார்.

"அவருகிட்டயே கேளுங்க" என்றார் ஸாரி.

வண்டி அசைந்தது. நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். முன்னால் வளைவில் வசுமதி தன் பெட்டியின் வாசலிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே, ஏங்க, இந்தாங்க, அவ்வளவுதான். இப்போது என் பெயரின் முதல் எழுத்துக்கு அவள் உதடு குவிந்தது. நன்றாகத் தெரிந்தது.

காற்றுதான் வந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் சரியாகிவிடும்.